மீனைப் பற்றி மட்டும் பேசச் சொல்பவர்களுக்கு

"இது மீன் வளர்ப்போர் குழு. சொந்தக் கவலைகளை இங்கே கொட்ட வேண்டாம். மன உளைச்சல் உள்ளவர்கள் தகுந்த நிபுணரை நாடவும்." செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் என்று நம் வட்டாரத்தில் தமிழர் நடத்தும் பொழுதுபோக்குக் குழுக்களில் இந்த விதி ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. மீன் என்ற இடத்தில் பூப்பந்து என்று போட்டுக்கொள்ளலாம். கேரம், பழைய பாட்டு, மாடித்தோட்டம், மலையேற்றம் எதையும் போட்டுக்கொள்ளலாம். புலனத்தில் (வாட்ஸ்அப்) இயங்கும் குழு என்றால் முகப்பிலேயே எழுதி வைத்திருப்பார்கள். நேரில் கூடும் குழு என்றால் மூத்தவர் ஒருவர் சொல்லிவிடுவார்: "அதெல்லாம் இங்க வேணாம்பா." யாரும் மறுத்துப் பேசுவதில்லை. நல்ல விதி என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். நான் இதைத் தவறான விதி என்கிறேன். சில வேளைகளில் உயிருக்கு ஆபத்தான விதி என்றும் சொல்கிறேன்.

எதிர்த்தரப்பின் நியாயத்தை முதலில் முழுமையாகச் சொல்லிவிட வேண்டும். இந்த விதியை எழுதியவர்கள் கல்நெஞ்சர்கள் இல்லை. பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு, இரவில் காசு வாங்காமல் குழு நடத்துகிறவர்கள். அவர்கள் சொல்வது இதுதான்: மீனைப் பற்றிப் பேசக் கூடிய இடத்தில் மீனைப் பற்றித்தான் பேச வேண்டும். மனநோய் நமக்குத் தெரியாத துறை. தெரியாமல் வாயைக் கொடுத்து ஒருவரை இன்னும் மோசமாக்கிவிடக் கூடாது. அதற்கென்று உதவி எண்கள், மருத்துவர்கள் இருக்கிறார்கள். மற்ற உறுப்பினர்கள் மனம் ஆறத்தான் இங்கே வருகிறார்கள். அவர்கள் தலையிலும் பாரத்தை ஏற்றக் கூடாது. நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் போலீசும் குடும்பமும் நம்மைத்தான் கேட்கும். ஒருவருக்கு இடம் கொடுத்தால் எல்லோரும் வருவார்கள். இவை அக்கறையோடு சொல்லப்படுபவை. அதனால்தான் ஒவ்வொன்றாக எடுத்து மறுக்க வேண்டியிருக்கிறது.

1. "அது குழுவின் விஷயமே இல்லை"

மீன் வளர்க்கிறவர் உள்ளுக்குள் உடையும்போது அது முதலில் எங்கே தெரியும்? மருத்துவமனையில் தெரியாது. வீட்டில்கூடத் தெரியாமல் போகலாம். அவர் மீன் தொட்டியில் தெரியும்.

சண்டை மீன் வளர்ப்பது ஒழுக்கம் கேட்கும் வேலை. ஆண் மீன்களை ஒரே தொட்டியில் விட முடியாது. ஒவ்வொன்றுக்கும் தனி ஜாடி. ஜாடிகளுக்கு நடுவே அட்டை செருக வேண்டும். இல்லையென்றால் ஒன்றை ஒன்று பார்த்துச் செவுளை விரித்து விரித்தே களைத்துப்போகும். கெத்தாப்பாங் இலையைக் காயவைத்துப் போட்டால் தண்ணீர் தேயிலைச் சாயத்துக்கு வரும். மீனுக்கு அது நல்லது என்பார்கள். சில நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்ற வேண்டும், அதுவும் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது. இவ்வளவையும் வருடக்கணக்கில் செய்துவந்தவர் அனுப்பும் படத்தில் ஜாடித் தண்ணீர் கலங்கிக் கிடந்தால், அட்டைகள் சரிந்து கிடந்தால், அந்தப் படம் ஒரு செய்தி. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் மற்ற மீன்காரர்கள் மட்டுமே.

எங்கள் பக்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஆள் அடையாளம் சொல்லமாட்டேன். நள்ளிரவு தாண்டிய நேரத்தில் ஒருவர் குழுவில் எழுதினார்: "ஆண், பெண் எல்லாம் எடுத்துக்கோங்க. ரேக்கும் சேர்த்துத்தான். காசு வேணாம்." குழுவை நடத்துகிறவர் உடனே அந்தச் செய்தியை நீக்கிவிட்டார். விற்பனைக்கும் இலவசத்துக்கும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அனுமதி. விதிப்படி அவர் செய்தது சரி. ஆனால் நீக்குவதற்கு முன் அதைப் பார்த்த ஒருவருக்குத் தூக்கம் போய்விட்டது. குஞ்சு பொரிக்க வைத்திருக்கும் சோடியை யாரும் சும்மா கொடுக்கமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். அந்தச் சோடியின் வால் நிறத்தைக் கொண்டுவர அந்த மனிதர் எத்தனை தலைமுறை மீன்களைக் கழித்தார் என்பதும் தெரியும். விடிந்ததும் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு பண்டார் பாரு செந்தூலில் இருந்த அவர் வீட்டுக் கதவைத் தட்டினார். "அண்ணே, மீன் எடுக்க வந்தோம்." கதவு திறந்தது. மீனை யாரும் எடுக்கவில்லை. தரையில் உட்கார்ந்து ஜாடிகளுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டே பேசினார்கள். வேலை போனது, வீட்டுக்குத் தெரியாமல் வாங்கிய கடன், இனி இருந்து என்ன பயன் என்று எண்ணியது எல்லாம் அப்போதுதான் வெளியே வந்தன. பிறகு ஒரு நாள் அவரோடு அரசாங்கக் கிளினிக்குக்குப் போனதும் அந்த இருவரில் ஒருவர்தான்.

அந்த நள்ளிரவுச் செய்தியை ஒரு மனநல மருத்துவரிடம் காட்டியிருந்தால், முன்கதை தெரியாத அவருக்கு அது விளம்பரமாகத்தான் தெரிந்திருக்கும். உயிராக வைத்திருந்த பொருளை ஒருவர் திடீரென்று தானம் செய்வது எச்சரிக்கை அடையாளம் என்று பாடநூல்கள் சொல்கின்றன. அவருக்கு எது உயிர் என்று எந்தப் பாடநூலும் சொல்லாது.

ஆஸ்திரேலியாவில் 1990களில் தொடங்கிய ஆண்களின் பட்டறைக் கூடங்கள் இந்த உண்மையின் மேல்தான் கட்டப்பட்டன. ஓய்வு பெற்றவர்கள், வேலை இழந்தவர்கள் கூடி மரவேலை செய்யும் இடங்கள் அவை. ஆண்கள் முகத்துக்கு நேரே பேசமாட்டார்கள், தோளோடு தோள் நின்று வேலை செய்யும்போது பேசுவார்கள் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்டது. அங்கே மரவேலை சாக்கு என்று யாரும் சொல்வதில்லை. நாற்காலியும் ஒழுங்காகத்தான் செய்கிறார்கள்; மனமும் திறக்கிறது. இங்கே மட்டும் இரண்டையும் பிரித்து ஒன்றை வெளியே தள்ள வேண்டும் என்கிறோம்.

செந்தூலுக்கு இது புதிய பாடமும் இல்லை. ரயில்வே பட்டறையை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்தவர்களால் வளர்ந்த ஊர் இது. குடியிருப்பு வரிசைகளில் வாசலுக்கு வாசல் ஆள் இருந்த காலத்தில் ஒருவர் இரண்டு நாள் வெளியே வராவிட்டால் பக்கத்து வீட்டுக்குத் தெரியும். பட்டறை பத்து காஜாவுக்குப் போய்விட்டது. நாம் அடுக்குமாடிக்குள் போய்விட்டோம். இன்று ஒருவர் இரண்டு நாள் காணவில்லை என்று கவனிக்கக்கூடியவர்கள் அவரோடு பூப்பந்து ஆடுகிறவர்களும் மீன் வளர்க்கிறவர்களும்தான்.

2. "நமக்குப் பயிற்சி இல்லையே"

யாருக்குப் பயிற்சி இருக்கிறது? இந்த வாதத்தை வைப்பவர்கள் நம்பிக்கையோடு கைகாட்டும் உதவி எண்களின் வரலாற்றைச் சற்றுப் பார்க்கட்டும். 1953இல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், தற்கொலை எண்ணம் உள்ளவர்கள் தன்னிடம் பேசலாம் என்று அறிவித்தார். கூட்டம் வந்தது. காத்திருப்பவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாக இருக்கச் சில சாதாரண மனிதர்கள் முன்வந்தார்கள். கொஞ்ச நாளில் பாதிரியார் ஒன்றைக் கவனித்தார்: வந்தவர்களில் பலர் தேநீர் கொடுத்தவரிடம் பேசிவிட்டு, தன்னைப் பார்க்காமலே தெளிந்து வீடு திரும்புகிறார்கள். அடுத்த ஆண்டே அந்தப் பணியைத் தொண்டர்களிடம் ஒப்படைத்தார். சமாரிட்டன்ஸ் இயக்கம் அப்படிப் பிறந்தது. 1970இல் தொடங்கிய நம் கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸும், சென்னையில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய சினேகாவும் அதே வழியில் வந்தவை. அங்கே தொலைபேசியை எடுப்பவர் உங்களைப்போல் பகலில் வேறு வேலை பார்க்கும் தொண்டராக இருக்கலாம். கேட்பது எப்படி என்று அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அது பெரிய உதவி. ஆனால் அவர் மருத்துவர் இல்லை.

பூப்பந்து மைதானத்தில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தால், "இது ஆட்டத்துக்கான இடம், இருதய நிபுணரை நாடவும்" என்று யாராவது சொல்வார்களா? அறுவை சிகிச்சை செய்யவும் யாரும் முனையமாட்டார்கள். பக்கத்தில் உட்கார்வார்கள், 999ஐ அழைப்பார்கள், வண்டி வரும்வரை கையை விடமாட்டார்கள். மனத்துக்கும் நான் கேட்பது இவ்வளவே.

"தவறாக ஏதாவது கேட்டு, இல்லாத எண்ணத்தை உண்டாக்கிவிட்டால்?" என்ற பயம் உண்மையானது, பரவலானது. ஆனால் ஆய்வுகள் அதற்கு ஆதரவாக இல்லை. தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தை வளர்க்கிறதா என்று பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் ஒரு கட்டுரை வந்தது. வளர்ப்பதற்குச் சான்று இல்லை. கேட்பது பாரத்தைக் குறைக்கவும் கூடும் என்பதே அதன் முடிவு. தீங்கு செய்யும் சொற்கள் வேறு: "உனக்கு என்ன குறைச்சல்?", "பிள்ளைகள் முகத்தைப் பார்", "கோயிலுக்குப் போ, சரியாகும்." இவற்றைச் சொல்லாமல் இருக்கப் பட்டம் வேண்டியதில்லை.

3. "எண்ணைக் கொடுத்துவிட்டோமே"

கொடுங்கள். பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, சுகாதார அமைச்சின் ஹீல் 15555, தாலியான் காசே 15999. எல்லோர் கைப்பேசியிலும் இருக்க வேண்டிய எண்கள் இவை. என் மறுப்பு எண்ணைக் கொடுப்பதற்கு எதிரானது இல்லை. எண்ணைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்துவதற்கு எதிரானது. இரவில் மனம் தாங்காமல் ஒருவர் எழுதியதை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் ஓர் எண்ணை ஒட்டினால், அதிலிருந்து அவர் புரிந்துகொள்வது ஒன்றுதான்: இங்கிருந்து போ.

போகச் சொல்லும் இடமும் அவ்வளவு பக்கத்தில் இல்லை. 2018இல் வெளியான ஒரு கணக்கின்படி மலேசியா முழுவதற்கும் 410 மனநல மருத்துவர்களே இருந்தார்கள். ஒரு இலட்சம் பேருக்கு ஒன்றேகால். அதற்குமேல் ஒரு தடை நம் நாக்கிலேயே இருக்கிறது. 1911இல் திறந்த தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையின் பெயரை நூறு ஆண்டுகளாகக் கேலிச் சொல்லாக வைத்திருக்கிறோம். "உன்ன ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்" என்று சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவர் முதல் அடியாக மனநலப் பிரிவின் படியேறுவார் என்று எதிர்பார்ப்பது நடக்காத காரியம். கூட வருவதற்கு, தெரிந்த முகம் ஒன்று இருந்தால் ஏறுவார்.

தொடர்ந்து விசாரிப்பதன் வலிமையை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து இடங்களில் நடத்திய ஆய்வு 2008இல் வெளிவந்தது. தற்கொலைக்கு முயன்று அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேர். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதிக்கு அதோடு ஏறத்தாழ ஒரு மணி நேர உரையாடல், பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ விசாரிப்பு. முதல் பாதியில் தற்கொலையால் இறந்தவர்கள் 2.2 விழுக்காடு, விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 விழுக்காடு. விசாரித்தவர்கள் மருத்துவத் துறையினர் என்பதை மறைக்கவில்லை. ஆனால் அவர்கள் கூடுதலாகக் கொடுத்தது மருந்தோ நீண்ட சிகிச்சையோ இல்லை. "எப்படி இருக்கிறீர்கள்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அதைக் கேட்கக் குழுவில் இருநூறு பேர் இருக்கிறோம்.

4. "மற்றவர்கள் மனமும் கெடும்"

இதில் பாதி உண்மை, அதைத் தயங்காமல் ஏற்கிறேன். எந்த வழியில் சாக நினைத்தார் என்ற விவரமும், இறந்தவர் படமும், விடைபெறும் கடிதமும் பலர் பார்வைக்கு வரக் கூடாது. அது ஏற்கெனவே தளர்ந்திருப்பவரை இழுக்கும்; ஊடகங்களுக்கே அந்தக் கட்டுப்பாடு சொல்லப்பட்டிருக்கிறது. ஆகவே பேச்சைப் பொது இடத்திலிருந்து இருவர் பேசும் இடத்துக்கு மாற்றுவது சரி. ஆனால் மாற்றுவதும் நீக்குவதும் ஒன்றில்லை. "அண்ணே, பார்த்தேன், இப்போ கூப்பிடுறேன்" என்று எல்லோரும் பார்க்க ஒரு வரி எழுதிவிட்டு அழைப்பவர் பேச்சை இடம் மாற்றுகிறார். சத்தமில்லாமல் அழிப்பவர் ஆளையும் சேர்த்து அழிக்கிறார்.

"மற்றவர்கள்" என்று யாரைச் சொல்கிறார்கள் என்பதும் எனக்கு விளங்கவில்லை. சுகாதார அமைச்சின் 2023 தேசிய ஆய்வில் 16 வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் 4.6 விழுக்காட்டினருக்கு, ஏறக்குறைய பத்து இலட்சம் பேருக்கு, மனச்சோர்வு. 2019இல் அது 2.3 விழுக்காடு. இருநூறு பேர் குழுவில் சராசரியாக ஒன்பது பேர் என்று ஆகிறது. அந்த ஒன்பது பேரும் உங்கள் விதியைப் படிக்கிறார்கள். ஒருவர் எழுதியது நீக்கப்படும்போது மற்ற எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நம் முறை வந்தால் இங்கே வாய் திறக்கக் கூடாது என்று அவர்கள் கற்றுக்கொள்வதைக் கணக்கில் சேர்க்காமல், மன அமைதி காக்கப்பட்டது என்று எப்படிச் சொல்ல முடியும்?

5. "சட்டச் சிக்கல் வரும்"

எந்தச் சட்டம்? தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கி ஓராண்டு வரை சிறை என்று சொன்ன குற்றவியல் சட்டத்தின் 309ஆம் பிரிவு நம்மிடம் இருந்தது. நாடாளுமன்ற மக்களவை 2023 மே மாதம் அதை நீக்கும் திருத்தத்தை நிறைவேற்றியது. அதே ஆண்டு செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. "சாகப் பார்த்தேன்" என்று சொல்கிறவர் இன்று குற்றவாளி இல்லை. அவரைக் கேட்பவருக்கும் அந்தப் பயம் வேண்டாம்.

2024 ஜூலையில் இணையத் தொல்லைக்கு ஆளான ஈஷா என்கிற ராஜேஸ்வரி இறந்த பிறகுதான் நம்மவர்களின் குழுக்களில் இந்த அச்சம் கூடியது. அவர் மரணத்தோடு தொடர்புடைய வழக்கில் ஒரு பெண்ணுக்கு 100 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டபோது நாடே கொதித்தது. அதன் பிறகு குற்றவியல் சட்டத்தில் 507பி முதல் 507ஜி வரை புதிய பிரிவுகள் சேர்ந்தன. அவை தண்டிப்பது மிரட்டுவதையும் இழிவுபடுத்துவதையும், தொல்லை தரும் நோக்கில் ஒருவரின் அடையாள விவரங்களைப் பரப்புவதையும். அக்கறையோடு தொலைபேசியில் அழைத்தவரை அல்ல. சட்டத்துக்குப் பயப்பட வேண்டியவர் குழுவில் ஒருவர் எழுதியதைப் படம்பிடித்து, மிரட்டவோ கேவலப்படுத்தவோ ஊருக்கெல்லாம் அனுப்புகிறவர். அவரைத் தடுக்க எத்தனை குழுக்களில் விதி இருக்கிறது? கவலையைச் சொன்னவருக்கு விதி எழுதினோம். அதை வம்பாக்கியவரை விட்டுவிட்டோம்.

6. "கவனத்துக்காகச் செய்கிறார்கள்"

செய்யட்டும். அவர் பொய் சொன்னார் என்றே வைத்துக்கொள்வோம். நாம் நம்பிப் போனதில் நமக்குப் போனது அரை மணி நேரம். அவர் உண்மை சொல்லி நாம் நம்பாமல் இருந்தால் போவது எது? இரண்டு தவறுகளும் ஒரே எடை என்று நினைப்பவரோடு எனக்கு வாதமில்லை.

7. "நடத்துகிறவர் தேய்ந்துபோவார்"

இதுதான் அவர்கள் தரப்பின் பலமான வாதம், மற்ற ஆறையும்விட. ஒருவரே தினமும் இரவு இரண்டு மணிக்கு இன்னொருவரின் அழுகையைக் கேட்டால் அவரும் விழுவார். சிலர் மாதக்கணக்கில் ஒரே ஆளைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார்கள் என்பதும் உண்மை. அப்படிப்பட்டவரிடம் எல்லை சொல்லத்தான் வேண்டும்: "இன்னிக்கு இவ்வளவுதான் அண்ணே, நாளைக்குச் சாயந்திரம் கூப்பிடுறேன்." எல்லை சொல்வது கைவிடுவது ஆகாது.

ஆனால் இந்த வாதம் எதை நிரூபிக்கிறது? ஒருவர் தனியாகச் சுமக்கக் கூடாது என்பதை. யாருமே சுமக்கக் கூடாது என்பதை இல்லை. தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தல் போடவும், இறப்பு வீட்டில் பந்தல்கால் நடவும், ஆற்றுவெள்ளம் வந்தால் அரிசி மூட்டை திரட்டவும் முறைவைத்து ஆள் பிரிக்கத் தெரிந்த சமூகம் நாம். இதற்கு மட்டும் முடியாது என்றால் நம்பமாட்டேன்.

ஆகவே அந்த ஒரு வரி விதியை எடுத்துவிட்டு, இதைப் போடுங்கள். குழுவில் இருவர், முடிந்தால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும், "மனசு சரியில்லை என்றால் எங்களைக் கூப்பிடலாம்" என்று பெயர் கொடுக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறட்டும். யாராவது கலங்கி எழுதினால் உடனே நீக்காமல், முதலில் பார்த்தவர் ஒரு வரி பதில் எழுதி அந்த இருவருக்குத் தெரிவிக்கட்டும். உயிரை மாய்க்கும் வழியைப் பற்றிய விவரம் இருந்தால் மட்டும் அதை மறைக்கட்டும்; மறைத்ததும் அவரை அழைத்து, ஏன் மறைத்தோம் என்று சொல்லட்டும். அழைப்பவர் தயங்காமல் கேட்கட்டும்: "சாகணும்னு தோணுதா?" ஆம் என்றால், வழியும் கையில் இருக்கிறது, நேரமும் குறித்துவிட்டார் என்றால், 999. உதவி வந்து சேரும்வரை தொலைபேசியை வைக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் நேரில் போக வேண்டும். அவ்வளவு அவசரம் இல்லையென்றால் உதவி எண், அதோடு "கிளினிக்குக்கு நானும் வர்றேன்." ஒரு வாரம் கழித்து மறுபடி ஓர் அழைப்பு. கேட்டதை வெளியே சொன்னவர், படம்பிடித்து அனுப்பியவர் குழுவிலிருந்து நீக்கப்படுவார் என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். மீதி நேரமெல்லாம் மீனைப் பற்றியே பேசுங்கள். அவரும் மீனைப் பற்றிப் பேசத்தான் வந்தார்.

இதில் எந்த வரியை ஏற்க முடியாது, ஏன் என்று அந்த விதியை எழுதியவர்கள் சொல்லட்டும்.